புள்ளத்தாச்சி சில்லும் கறுப்புப் பஞ்சும்

பெங் சுன்யூ ஓரிடத்தில் சும்மா உட்கார்ந்திருந்து பார்த்தவர்கள் சூதோங் ஊரில் குறைவு. அவள் கணவன் வென்ச்சாங் மலைப்பாதைப் பேருந்து ஓட்டுகிறவன். கல்யாணத்தன்று ஒருமுறை பார்த்ததாகவும், அதுவும் புகைப்படக்காரர் அதட்டியதால்தான் என்றும் அவன் சொல்வான். சோறு தின்னும்போதுகூட கிண்ணத்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஜன்னலுக்கும் அடுப்புக்குமாக நடப்பாள். கதவைப் பூட்டினோமா, காஸை அணைத்தோமா, தைப்பேயில் வேலை பார்க்கும் மகள் குடை எடுத்துப் போனாளா என்று மனசு தாவிக்கொண்டே இருக்கும். ஒருநாள் மகள் போனில், "அம்மா, நான் ஒண்ணும் உன் ஃபேக்டரி சிப்பு இல்ல, தொட்டா கெட்டுப்போறதுக்கு" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள். சுன்யூ அதற்குக் கோபப்படவில்லை. மகள் குரலில் சளி தெரிகிறதே என்றுதான் அன்றெல்லாம் கவலைப்பட்டாள்.

அப்படிப்பட்டவளின் கை அடங்குகிற இடம் தொழிற்சாலையில் கடைசி மேசைதான். பெரிய ஆலைகள் செய்து அனுப்பும் நகக்கண் அளவு மின்னணுச் சில்லுகளுக்குக் கறுப்புப் பிசினால் சட்டை மாட்டி, உலோகக் கால்கள் வைத்து, உயிர் இருக்கிறதா என்று பார்த்து வெளியே அனுப்புகிற தொழிற்சாலை அது. ஒவ்வொரு சில்லின் கால்களும் நேராக நிற்கின்றனவா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பாள். பார்த்ததும் கறுப்புப் பஞ்சுத் தட்டில் கால்கள் புதைய அழுத்தி வைப்பாள். கரித்தூள் கலந்த பஞ்சு. அது சில்லின் எல்லாக் கால்களையும் ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். யார் உடம்பிலிருந்தாவது மின்பொறி தாவினாலும் சில்லின் உள்ளே புகாமல் பஞ்சோடு பரவிப் போய்விடும்.

வடகிழக்குக் காற்று கிளம்பிவிட்டால் சூதோங் இருக்கும் சின்ச்சூ பக்கத்தில் மனிதரை நிற்கவிடாது. அப்படிக் காற்றடித்த ஒரு குளிர்காலத்தில், வேலைக்குப் புதிதாக வந்த ஒருத்தி அங்கிக்கு அடியில் நைலான் ஸ்வெட்டர் போட்டு வந்தாள். மேசையில் வெறுமனே கிடந்த ஒரு தட்டுச் சில்லு முழுவதையும் தொட்டே கொன்றுவிட்டாள். சத்தமில்லை, புகையில்லை, யாருக்கும் தெரியவில்லை. தெரிந்த பிறகு அந்தப் பெண் கழிவறைக்குள் போய் அழுதாள், சில நாளில் வேலையையும் விட்டுப் போனாள். அன்றிலிருந்து சுன்யூவுக்குக் கறுப்புப் பஞ்சு சாமி மாதிரி. யாராவது சில்லை வெறும் மேசையில் வைத்துவிட்டால், "உன் குழந்தைய இப்பிடித்தான் வெறுந்தரையில போடுவியா?" என்று கேட்டு மானத்தை வாங்குவாள்.

இன்னொரு வேலையையும் யாரும் சொல்லாமலே அவள் எடுத்துக்கொண்டிருந்தாள். சில்லுகளைச் சோதிக்கும் இயந்திரத்தின் தலையில் ஒரு பச்சைப் பொட்டலம் இருக்கும். தேங்காய் மணக்கிற சோளப்பொரி. பொட்டலத்தின் பெயருக்கே சமர்த்தாய் இரு என்று அர்த்தம். பச்சைதான் வைக்கவேண்டும், மஞ்சளோ சிவப்போ வைத்தால் இயந்திரமும் அந்த நிற விளக்கைத்தான் எரிக்கும். பிரிக்கக் கூடாது, தின்னக் கூடாது, தேதி தாண்டவிடக் கூடாது. தேதி நெருங்கும் முன்னே புதுசு வாங்கி வந்து மாற்றுகிறவள் சுன்யூ. படித்த பொறியாளர்களும் அந்தப் பொட்டலத்தை நிமிர்ந்து பார்க்காமல் இயந்திரத்தைத் தொடமாட்டார்கள்.

இந்த ஒழுங்குக்குள்தான் அந்தப் புதுச் சில்லு வந்து சேர்ந்தது.

மற்றவை தட்டையாக இருக்கும், இது முதுகு தூக்கிக் கனத்திருந்தது. உள்ளேயே ஒரு சின்ன லித்தியம் பேட்டரியை வைத்துப் பிசினால் மூடியிருந்தார்கள். வெளி மின்சாரம் நின்றாலும் தன் வயிற்றிலிருக்கிற சக்தியில் மணியை எண்ணிக்கொண்டிருக்கும், சொன்னதை மறக்காமல் வைத்திருக்கும். பத்து வருஷத்துக்கு அதற்கு வெளியிலிருந்து ஒன்றும் வேண்டாம்.

சூப்பர்வைசர் லோ எல்லாரையும் நிற்க வைத்து விளக்கினார். "இத மத்ததுங்க மாதிரி சூட்டடுப்புல விடக் கூடாது. உள்ள இருக்கிறது வெந்துடும்."

பக்கத்து மேசை ஷூச்சிங்குக்கு வாய் சும்மா இருக்காது. "வயித்தப் பாத்தாலே தெரியுது சார், புள்ளத்தாச்சி. அடுப்படியில நிக்க வைக்காதேங்கிறீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் விடவில்லை. "இது இருக்கிற ரூம்ல ஆணி அடிக்கலாமா? கத்திரிக்கோல் எடுக்கலாமா? கட்டில நகத்தலாமா?" கர்ப்பிணி இருக்கும் வீட்டில் இதையெல்லாம் செய்தால் கருவைக் காக்கிற தெய்வம் கோபித்துக்கொள்ளும் என்று அங்கே எல்லா மாமியாரும் மிரட்டி வைத்திருப்பார்கள்.

"சிரிச்சது போதும்" என்றார் லோ. "சூடு ஒண்ணுதான் புதுசு. மத்ததெல்லாம் பழைய ரூல்தான்."

அந்தக் கடைசி வார்த்தையைத்தான் பிற்பாடு அவரும் சுன்யூவும் தனித்தனியாக நினைத்து நினைத்து நொந்தார்கள். அப்போது யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. புள்ளத்தாச்சி என்ற பேர் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

புள்ளத்தாச்சி என்றதும் சுன்யூவின் கவனிப்பு இரட்டித்தது. சோதித்த சில்லுகளை உடனே பிளாஸ்டிக் குழாய்களில் அடைத்து அனுப்பிவிடுவது வழக்கம். பஞ்சில் அவை கிடப்பதெல்லாம் கொஞ்ச நேரம்தான். ஆனால் பிப்ரவரியில் வந்த சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு முன் முடிந்த கடைசித் தொகுதியைக் குழாயில் போட அவளுக்கு மனசு வரவில்லை. தொழிற்சாலையை மூடிவிட்டு ஊரே விருந்துக்குப் போகப்போகிறது, காற்று வேறு காய்ந்து கிடக்கிறது. எல்லாவற்றையும் பஞ்சில் அழுத்தி வைத்தாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, ஒன்றிரண்டு சரிந்து நிற்கிறதோ என்று பார்த்து, இன்னும் ஒருமுறை அழுத்தினாள்.

"பெத்த புள்ளைக்கே இப்பிடிப் போர்த்தி விட்டிருக்க மாட்டே" என்றாள் ஷூச்சிங்.

"நீ போய் முட்டைக்கோஸ் வாங்கு, கடை அடைச்சிருவான்" என்றாள் சுன்யூ.

விடுமுறை முடிந்து வந்து சோதித்தபோது தொகுதி முழுக்கத் தேறியது. லோ எல்லார் முன்னாலும் அவளைப் பாராட்டினார். வீட்டில் வந்து அதை வென்ச்சாங்கிடம் நின்றுகொண்டே சொன்னாள்.

கோடையின் தொடக்கத்தில், மலையடிவாரத்துத் தாழ்ந்த பாலத்தின் அக்கரையில் ஒரு சங்குப் பெட்டியை மாட்டினார்கள். ஆற்றில் தண்ணீர் இந்த உயரத்துக்கு வந்தால் ஊது என்று அதற்குச் சொல்லிவைத்துவிட்டால், வந்ததும் ஊதும். சங்கு ஊதினால் வண்டி எதுவும் பாலத்தில் இறங்கக் கூடாது. புயலில் மின்சாரம் போனாலும் கீழே ஒரு பெரிய பேட்டரி இருக்கிறது. மின்சாரம் நின்று அந்தப் பேட்டரி எடுத்துக்கொள்வதற்குள் ஓர் இமைப்பொழுது இடைவெளி விழும். அந்த இடைவெளியில் பெட்டி தனக்குச் சொன்ன உயரத்தை மறந்துவிடாமல் இருக்கத்தான் உள்ளே புள்ளத்தாச்சியை வைத்திருந்தார்கள்.

மாட்ட வந்த ஆள் வென்ச்சாங்கின் பேருந்தில்தான் திரும்பினான். பேச்சுவாக்கில், அந்தப் புத்தாண்டுத் தொகுதிச் சில்லுதான் ஆற்றோரப் பெட்டிகள் எல்லாவற்றிலும் இருக்கிறது என்று தெரிந்தது. அதற்குப் பிறகு அந்தப் பேருந்தில் ஏறியவர்கள் யாரும் தப்பவில்லை. பாலம் வந்தாலே வண்டியை மெதுவாக்கிக்கொண்டு வென்ச்சாங் ஆரம்பித்துவிடுவான். "இடது பக்கம் பாருங்க. பெட்டி தெரியுதா? உள்ள இருக்கிற மூளை என் வீட்டம்மா கை பட்டது. ஊர்ல கரண்டு போனாலும் அது முழிச்சிட்டு இருக்கும். வீட்லயும் அப்பிடித்தான், தூங்கவே மாட்டா."

மலைக்கிராமத்தில் இஞ்சி போட்டிருந்த கிழவர் ச்சுங் மட்டும் ஒவ்வொரு தடவையும், "டிக்கெட்டுக்குள்ள இதுவும் சேத்தியாப்பா?" என்று கேட்பார்.

சுன்யூ வெளியே முறைத்தாலும் உள்ளுக்குள் பூரித்துப்போனாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் சொல்லாமல் ஸ்கூட்டரில் போய் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டும் வந்தாள்.

வினை, மாதிரிச் சில்லு ஒன்றின் உருவத்தில் வந்தது. தினமும் காலையில் வேலை தொடங்கும் முன், நல்லது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு சில்லைச் சோதனை இயந்திரத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அது சரியான மணியைச் சொன்னால் இயந்திரம் சரி. முன்பு குழாயில் கிடந்த அந்த மாதிரிச் சில்லைச் சில வாரமாகச் சுன்யூதான் தன் மேசையில், பஞ்சில் நிறுத்தி வைத்திருந்தாள். ஒரு காலையில் அது மணியை மறந்துபோயிருந்தது. இயந்திரம் கெட்டுவிட்டது என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள். வேறு சில்லைக் கொண்டுவந்து மாதிரியாக வைத்தார்கள். கொஞ்ச நாளில் அதுவும் மறந்தது.

லோ இயந்திரத்தின் தலையைப் பார்த்தார். பச்சைப் பொட்டலம் உப்பலாகவே இருந்தது. ஆனால் தூக்கினால் கனமில்லை. யாரோ அடியில் பிரித்துத் தின்றுவிட்டு, காற்றை ஊதி ஒட்டி வைத்திருந்தார்கள்.

பொறியாளர் யே குவான்லின் என்ற இளைஞன் காது சிவக்க ஒப்புக்கொண்டான். "பசி சார். கேன்டீன் மூடியிருந்துச்சு."

"படிச்ச பய" என்றாள் ஷூச்சிங். "கோயில்ல வச்ச வாழைப்பழத்தையும் திம்பே."

அதிலிருந்து அந்தப் பகுதியில் எது தவறினாலும் யேயின் தலையில் விழுந்தது. சாப்பிடும்போது அவன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அவனை வேறு பகுதிக்கு மாற்றப்போவதாகப் பேச்சு அடிபட்டது. சுன்யூவும் மற்றவர்களோடு சேர்ந்து அவனைத் திட்டினாள். அவள் அக்கறையோடு வாங்கி வைத்த பொட்டலம் அல்லவா.

ஆனால் புதுப் பொட்டலம் வைத்த பிறகும் மூன்றாவது மாதிரி மறந்தது. அன்று சுன்யூவுக்குக் கை ஓடவில்லை. கால் வளைந்ததென்று அவளே ஒதுக்கி, மேசை இழுப்பறையில் பிளாஸ்டிக் குழாய்க்குள் போட்டு மறந்திருந்த ஒரு புள்ளத்தாச்சியை எடுத்து வைத்துப் பார்த்தாள். அது மணியை மிகச் சரியாகச் சொன்னது. கவனிக்காமல் விட்டது உயிரோடு இருக்கிறது, பொத்திப் பொத்தி வைத்ததெல்லாம் செத்துப்போகிறது. இது என்ன அநியாயம் என்று நினைத்தாள். நினைத்த அடுத்த கணம் திரும்பிக் கறுப்புப் பஞ்சைப் பார்த்தாள்.

யாரிடமும் சொல்லாமல் இரண்டு புதுச் சில்லுகளை எடுத்தாள். ஒன்றைப் பஞ்சில் குத்தினாள், ஒன்றைக் குழாயில் போட்டாள். பிறகு காத்திருந்தாள், காத்திருக்கவே தெரியாத பெண் அவள். வீட்டில் கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். தெருமுனையில் இருக்கும் பாக்குங் சாமியிடம் போய், பிறைவடிவ மரத்துண்டுகளைப் போட்டு, பஞ்சு காரணம் இல்லைதானே என்று கேட்டாள். இரண்டு துண்டும் மல்லாந்து விழுந்தன. சாமி பதில் சொல்லாமல் சிரிக்கிறது என்று அர்த்தம். திரும்பப் போட்டாள், திரும்பவும் சாமி சிரித்தது. "சிரிக்கிற விஷயமா இது" என்று சாமியிடமே சண்டை போட்டுவிட்டு வந்தாள்.

பஞ்சில் வைத்தது மறந்தது. குழாயில் கிடந்தது மறக்கவில்லை.

தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த யேயின் எதிரில் போய் அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்பதாலேயே அவன் பயந்துபோனான்.

"யே தம்பி, ஒண்ணு கேக்கறேன். சிரிக்காத. பஞ்சுல வச்சா புள்ளத்தாச்சி செத்துப்போகுமா?"

அவன் சிரிக்கவில்லை. நூடுல்ஸ் பாதி வாயில் இருக்க, குச்சிகளை மெதுவாகக் கீழே வைத்தான். "பஞ்சு கரண்ட கடத்தும்க்கா. அதுக்குத்தான் அத வச்சிருக்கோம். மத்த சிப்புக்கு உள்ள ஒண்ணும் இல்ல, கடத்தினா நல்லது. இதுக்கு உள்ள பேட்டரி இருக்கு. கால் எல்லாத்தையும் பஞ்சு சேத்துப் பிடிச்சா, பேட்டரி கொஞ்சம் கொஞ்சமா பஞ்சு வழியா வடிஞ்சிரும்." சொல்லிக்கொண்டே வரும்போது அவன் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. "நானும் தினம் பாத்துட்டுத்தானே இருந்தேன். எனக்கு ஏன்க்கா தோணல?"

"நல்ல பழக்கத்த யாருப்பா சந்தேகப்படுவா" என்றாள் சுன்யூ. "புது வருஷ லீவுல ஒரு லாட்டு முழுக்கப் பஞ்சுல வச்சேன். அப்புறம் டெஸ்ட்ல எல்லாம் பாஸாச்சே?"

"இந்த டெஸ்டர் உயிர் இருக்கா இல்லையான்னுதான் கேக்கும். எவ்வளவு இருக்குன்னு கேக்காது. அன்னிக்கு மிச்சம் இருந்திருக்கும். பத்து வருஷம் வரவேண்டியது அஞ்சாறு மாசம் வரும், அவ்வளவுதான்."

அவள் விரலை மடக்கவில்லை. பிப்ரவரிக்கும் இந்த ஆகஸ்டுக்கும் எவ்வளவு தூரம் என்று எண்ணாமலே தெரிந்தது.

இருவரும் லோவிடம் போனார்கள். அவர் கதவைச் சாத்திவிட்டு முழுதும் கேட்டார். கெட்டவர் இல்லை, மெமோவுக்குப் பயந்த மனிதர். "பழைய ரூல்தான்னு சொன்னது என் வாய்தான்" என்றார். "மேல சொல்றேன். ஆனா புயல் சீசன் நடுவுல பெட்டியக் கழட்டுன்னா அவங்க ஒத்துக்க மாட்டாங்க. சீசன் முடியட்டும்பாங்க."

"சார், சீசனுக்குத்தானே அந்தப் பெட்டி?"

"தெரியும் சுன்யூ. எனக்குத் தெரியாதா? நான் சொல்றேன், நீ போய் வேலையப் பாரு."

வேலையை எங்கே பார்க்க. பெட்டிகளை மாட்டிய ஆற்று அலுவலகத்துக்கு அவளே போன் போட்டாள். ஒருவர் இன்னொருவரிடம் மாற்றினார், அவர் எழுதிக் கொடுக்கச் சொன்னார். வீட்டில் வென்ச்சாங்கிடமாவது சொல்லிவிடுவோம் என்று தினமும் வாயைத் திறந்தாள். அவனோ அன்றன்றைக்குப் பேருந்தில் பெட்டியைப் பற்றி யாரிடம் என்ன சொன்னான், யார் வாயைப் பிளந்தார்கள் என்று ஆரம்பித்துவிடுவான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அவளைப் பற்றி ஊருக்குப் பெருமை பேசிக் கேட்டது இதுதான் முதல் தடவை. அதைத் தன் வாயாலேயே உடைக்க அவளுக்கு மனசு வரவில்லை. மென்று விழுங்கினாள். அது தப்பு என்று அவளுக்கும் தெரியும்.

புயல் வருவதாகச் செய்தி வந்தது. அரைநாள் விடுமுறை விடுவார்களா மாட்டார்களா என்று சூதோங்கே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தது. கடைகளில் பாக்கெட் நூடுல்ஸ் காலியானது. காலையில் கிளம்பும்போது வென்ச்சாங் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டே, "மத்தியானம் ஒரு ட்ரிப்பு. மேல இருக்கிறவங்கள இறக்கிட்டா பஸ்ஸ நிறுத்திடுவாங்க" என்றான்.

"பாலத்துல பாத்து" என்றாள் சுன்யூ.

"பாக்க என்ன இருக்கு? உன் ஆளுதான் அங்க காவலுக்கு நிக்குதே."

அவள் வாய் திறப்பதற்குள் அவன் படியிறங்கிவிட்டான்.

புயல் நாளில் புதுசாக இருக்கட்டும் என்று வேலைக்கு வரும் வழியில் ஒரு பச்சைப் பொட்டலம் வாங்கி அங்கிப் பையில் வைத்திருந்தாள். மத்தியானம் அதை இயந்திரத்தின் தலையில் மாற்றி வைக்கக் கையை உயர்த்தியபோது விளக்குகள் ஒருதரம் இமைத்தன. இமைத்து, உடனே எரிந்தன. ஜெனரேட்டர் எடுத்துக்கொண்டுவிட்டது. ஷூச்சிங் நெஞ்சில் கை வைத்து, "அம்மாடி, ஒண்ணும் ஆகல" என்றாள்.

சுன்யூவுக்குத் தலையில் கல்லைப் போட்ட மாதிரி இருந்தது. இதே இமைப்பு பாலத்துப் பெட்டியிலும் விழுந்திருக்கும். வென்ச்சாங்கின் போனுக்கு அடித்தாள். வண்டி ஓட்டும்போது அவன் எடுக்கமாட்டான், எடுக்கக் கூடாது என்று அவளே சத்தியம் வாங்கியிருந்தாள். பொட்டலத்தைப் பையில் திணித்துக்கொண்டு, வெள்ளை அங்கியோடு ஓடினாள். பின்னால் லோ கூப்பிடுவது கேட்டது. யே மட்டும் ஒன்றும் கேட்காமல் தன் மழைக்கோட்டை அவள் மேல் எறிந்தான்.

ஸ்கூட்டர் காற்றில் பக்கவாட்டில் நகர்ந்தது. மழை முகத்தில் கல்லெறிந்தது. பாலத்தை அடைந்தபோது ஆறு பழுப்பாகச் சுருண்டு, பாலத்தின் விளிம்பை நக்கிக்கொண்டிருந்தது. அக்கரையில் பெட்டி நின்றது. அதன் பச்சை விளக்கு எரிந்தது, பெரிய பேட்டரிக்கு ஒரு குறையும் இல்லை. சங்கு மட்டும் ஊதவில்லை. எந்த உயரத்தில் ஊதவேண்டும் என்பது அதற்கு மறந்துபோயிருந்தது.

பேருந்து அக்கரையிலிருந்துதான் இறங்கி வரும். இக்கரையில் நின்று கத்தினால் அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும். அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் போயிருக்கமாட்டாள். ஸ்கூட்டரோடு பாலத்தில் இறங்கினாள். நடுவில் தண்ணீர் சக்கரத்தைத் தொட்டது. பாக்குங்கை வாய்விட்டுத் திட்டிக்கொண்டே ஏறி, அக்கரைத் திருப்பத்தில் வண்டியைக் குறுக்கே நிறுத்தி, ஹாரனில் கட்டை விரலை வைத்து அழுத்தினாள். எடுக்கவே இல்லை.

பேருந்து திருப்பத்தில் வந்து, வழுக்கி, அவளுக்கு முன்னால் நின்றது.

வென்ச்சாங் கதவைத் திறந்துகொண்டு குதித்தான். "ஏய், பைத்தியமா உனக்கு? ஏத்தியிருப்பேனேடி. சங்கு ஊதலியே, அப்புறம் என்ன?"

"அதான் வந்தேன். அது ஊதாது."

"ஏன் ஊதாது? ஊதலேன்னா தண்ணி இன்னும்..." என்று திரும்பிப் பார்த்தவன் நிறுத்தினான். பாலத்தின் நடுப்பகுதி தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது. ஒரு முழு மரம் வேரோடு வந்து கைப்பிடிச் சுவரில் மோதியது. சுவர் ஒரு பக்கம் அப்படியே உட்கார்ந்து காணாமல் போனது.

கிழவர் ச்சுங் படியில் நின்று எட்டிப் பார்த்தார். "டிரைவரு, உன் வீட்டம்மா செஞ்ச சங்கு தூங்கிடுச்சா?"

வென்ச்சாங் பதில் சொல்ல வாயெடுத்தான். சுன்யூ அவனை முந்திக்கொண்டாள். மழையில் நின்றபடி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "தூங்கல. நான்தான் கொன்னேன். நல்லா இருக்கட்டும்னு பஞ்சுல வச்சேன், பஞ்சு அதோட உயிர உறிஞ்சிடுச்சு. எனக்கு முன்னாடியே தெரியும். இவர்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு, சொல்லல."

வென்ச்சாங் அவளைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம்தான் இருந்தது, நியாயமான கோபம். "காலையில சொல்லியிருக்கலாமே" என்றான். பேருந்தில் ஏறி, வண்டியைப் பின்னால் எடுத்து மேட்டில் கொண்டுபோய் நிறுத்தினான். ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு அவளும் போனாள்.

பாலம் போய்விட்டது, மேலே போகும் பாதையிலும் மண் சரிந்திருந்தது. மழை தணியும்வரை பேருந்தில்தான் இருக்க வேண்டும். ஜன்னல்களில் ஆவி படிந்தது. கிழவர் ச்சுங்கின் மருமகள் பசிக்கிறது என்று முனகினாள். யாரிடமும் ஒன்றுமில்லை. சுன்யூ அங்கிப் பையில் கைவிட்டாள். பச்சைப் பொட்டலம் நசுங்காமல் இருந்தது.

அவள் அதைப் பிரிக்கப் போவதைப் பார்த்து வென்ச்சாங் ஓட்டுநர் இருக்கையிலிருந்து திரும்பினான். அவன் பேசியது அப்போதுதான். "அதத் தின்னா மிஷின் நின்னுடும்னு ஊரையே மிரட்டுவியே."

"எல்லாம் நின்னாச்சு" என்றாள் சுன்யூ. "இனிமே நிக்கிறதுக்கு என்ன இருக்கு?"

கிழித்து முதல் கை அவனுக்கு நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். பொட்டலம் இருக்கை இருக்கையாகப் பின்னால் போனது, பேருந்து முழுக்கத் தேங்காய் மணத்தது. இதே பொரிக்காக யேயை எப்படியெல்லாம் திட்டினோம் என்று நினைத்துக்கொண்டாள். நாளைக்கு முதல் வேலையாக அவனிடமும் லோவிடமும் எல்லார் முன்னாலும் பேச வேண்டும், மற்ற பெட்டிகள் கழற்றப்படும்வரை அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது என்று தீர்மானித்தாள். வேலை போனால் போகட்டும்.

கிழவர் ச்சுங் பொரியை மென்றுகொண்டே மறுபடி ஆரம்பித்தார். "ஏம்ப்பா டிரைவரு, பாலம் வந்தா ஒரு பாட்டுப் பாடுவியே. இன்னிக்குப் பாடலியா? கரண்டு போனாலும் அது முழிச்சிட்டு இருக்கும், வீட்டம்மாவும் தூங்க மாட்டாங்கன்னு."

சுன்யூ தலையைக் குனிந்துகொண்டாள்.

வென்ச்சாங் ஜன்னல் ஆவியைக் கையால் துடைத்தான். வெளியே அந்தப் பெட்டி பச்சை விளக்கோடு சும்மா நின்றது. "பெட்டியப் பத்தி நான் சொன்னது தப்பு" என்றான். பிறகு கட்டைவிரலால் தன் முதுகுப் பக்கம் காட்டினான். "இவளப் பத்திச் சொன்னது சரியாத்தான் இருக்கு."

சுன்யூ அவனுக்குப் பின்னாலிருந்த இருக்கையில், மழை விடும்வரை எழாமல் உட்கார்ந்திருந்தாள்.